குதிரைக்கு ஐந்தாவது கால்: ஏலத்துக்கு வரும் பழைய போர்க்களக் கோட்டோவியங்களைப் பார்ப்பது எப்படி?

பழைய ஐரோப்பிய ஓவியங்களை விற்கும் ஏல நிறுவனங்களின் இணையப் பட்டியலை ஒருநாள் சும்மா புரட்டிப் பாருங்கள். பைபிள் காட்சிகள், முகங்கள், மரங்கள், மாடுகள் எல்லாம் தாண்டியதும் எங்காவது ஒரு போர்க்களம் வந்தே தீரும். சின்னத் தாள். அதில் சிவப்பிலோ கறுப்பிலோ முட்டிமோதும் குதிரைகள், ஈட்டிகள், கீழே உருண்டு கிடக்கும் ஒருவன். பக்கத்தில் சில வரிகள்: வரைந்தவர் யார், எதைக் கொண்டு வரைந்தார், அளவு என்ன, இதுவரை யார் யார் கையில் இருந்தது. கடைசியில் ஒரு விலை மதிப்பீடு. நம் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு தாள்களில் ஒன்றுக்குச் சில நூறு பவுண்டு கேட்பார்கள், இன்னொன்றுக்குப் பல லட்சம் கேட்பார்கள். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிரையின் கால்களை எண்ணுங்கள். நான்குக்கு மேல் இருந்தால் நல்ல சகுனம். அது ஏன் என்று புரிய, கொஞ்சம் அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

'பழைய மேதைகள்' என்று ஏலக்காரர்கள் சொல்வது ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு முடியும்வரை ஐரோப்பாவில் வேலை செய்த ஓவியர்களை. மேதை என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். ஊர் பேர் தெரியாத ஓவியர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். அவர்கள் சுவரிலோ துணியிலோ தீட்டும் முன் தாளில் போட்டுப் பார்த்த கோடுகள்தான் கோட்டோவியங்கள். பலவற்றை விற்பதற்காக வரையவே இல்லை. பட்டறையில் மாணவர்கள் பார்த்துப் பழகவும், அடுத்த வேலைக்கு எடுத்துப் பயன்படுத்தவும் கட்டி வைத்திருந்தார்கள்.

முதலில் சொன்ன சிவப்பும் கறுப்பும் சாக் என்ற கருவியின் நிறங்கள். சாக் என்றதும் கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் ஞாபகம் வரும். இது வேறு. மண்ணிலிருந்து வெட்டியெடுத்து, குச்சியாக அறுத்து, முனை சீவிய இயற்கைக் கல். கறுப்புச் சாக் என்பது கார்பன் ஏறிய மெல்லிய களிப்பாறை. சிவப்புச் சாக் இரும்பு ஆக்சைடு கலந்த களிமண். நம் ஊரில் கோலத்துக்குச் செம்மண் பூசுகிறார்களே, அந்த நிறத்துக்கும் காரணம் இதே இரும்புதான். வெள்ளைச் சாக்கை ஒளி படும் இடங்களுக்கு மட்டும் தொட்டுக்கொள்வார்கள். மூன்றையும் ஒரே தாளில் சேர்த்து வரைவதில் 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் வாத்தோ பேர்போனவர்.

சாக் பரவலாவதற்கு முன், பூச்சு தடவிய தாளில் வெள்ளிக்கம்பி முனையால் வரைவது வழக்கம். அந்தக் கோடு எவ்வளவு அழுத்தினாலும் தடிக்காது, இலேசில் அழிக்கவும் முடியாது. நிதானமான கைக்கு ஏற்ற கருவி அது. சாக் அப்படியில்லை. அழுத்தினால் கோடு தடிக்கும், குச்சியைப் படுக்கப்போட்டு இழுத்தால் நிழல் விழும், விரலால் தேய்த்தால் புகை கிளம்பும். தப்பினால் ரொட்டித் துண்டால் ஒற்றி எடுக்கலாம். ரப்பர் வருவதற்கு முன் ரொட்டிதான் ஓவியர்களின் அழிப்பான். புழுதியும் புகையும் ஓட்டமும் நிறைந்த ஒரு காட்சியை அவசரமாகப் பிடிக்க இதைவிடத் தோதான கருவி இல்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிவப்புச் சாக்கைத் தீவிரமாகக் கையாண்ட முதல் ஆட்களில் ஒருவர் லியொனார்டோ டா வின்சி.

அந்த லியொனார்டோவிடம் 1503இல் ஃபுளோரன்ஸ் குடியரசு ஒரு வேலையைக் கொடுத்தது. அரண்மனையின் பெரிய சபை மண்டபத்துச் சுவரில் ஆங்கியாரிப் போரை வரைய வேண்டும். அடுத்த ஆண்டு அதே மண்டபத்துக்குக் காஷினா போரை வரைய மிக்கேலாஞ்சலோவையும் அமர்த்தினார்கள். இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது என்பது ஊரறிந்த விஷயம். ஆங்கியாரியில் 1440இல் நடந்த சண்டையில் செத்தது ஒரே ஒருவன், அவனும் குதிரையிலிருந்து விழுந்து செத்தான் என்று ஃபுளோரன்ஸின் அரசியல் எழுத்தாளர் மாக்கியவெல்லி எழுதி வைத்திருக்கிறார். வரலாற்றாசிரியர்கள் இதை நம்புவதில்லை. கூலிப்படைகளைக் கிண்டல் செய்வதில் மாக்கியவெல்லிக்கு ஒரு தனி மகிழ்ச்சி. லியொனார்டோ வரைந்ததோ அதற்கு நேர்மாறு. ஒரு கொடிக்கம்பத்துக்காக நான்கு குதிரைவீரர்கள் பின்னிப் பிணைகிறார்கள், குதிரைகளும் ஒன்றையொன்று கடிக்கின்றன.

இரண்டு படங்களும் முடியவில்லை. லியொனார்டோ புது விதமாக வண்ணம் பூசிப் பார்த்து, அது கைகொடுக்காமல் பாதியில் விட்டார். 1560களில் ஓவியர் வசாரி அந்த மண்டபத்தையே மாற்றிக் கட்டித் தன் போர்க்காட்சிகளை அங்கே தீட்டினார். மிக்கேலாஞ்சலோ சுவரளவு மாதிரிப் படத்தோடு நின்றுவிட்டார். இளம் ஓவியர்கள் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். கடைசியில் அது துண்டு துண்டாகப் பிய்ந்து போனது. ஐரோப்பியப் போர்க்காட்சி ஓவியத்துக்கே இலக்கணம் வகுத்த இரண்டு படங்களும் இன்று இல்லை. மிஞ்சியவை கோட்டோவியங்களும் நகல்களும்தான். போர்க்காட்சித் தாள்களுக்குச் சேகரிப்பவர்களிடம் ஒரு தனி மோகம் இருப்பதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

புடாபெஸ்ட் நுண்கலை அருங்காட்சியகத்தில் லியொனார்டோ இந்தப் படத்துக்காக வரைந்த வீரர்களின் தலைகள் இரண்டு தாள்களில் இருக்கின்றன. ஒன்றில் கறுப்புச் சாக்கில் இரண்டு தலைகள், மற்றதில் சிவப்புச் சாக்கில் ஒரு தலை. வாய் பிளந்து கத்தும் முகங்கள். விண்ட்சர் கோட்டையின் அரச சேகரிப்பில் அதே காலத்துக் குதிரை ஒன்று முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. அதன் கால்களையும் தலையையும் அவர் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நிலைகளில் போட்டுப் பார்த்திருக்கிறார். நான் சொன்ன ஐந்தாவது கால் இதுதான்.

நகலெடுப்பவன் தடுமாற மாட்டான்

கற்பனையில் ஒரு காட்சியைக் கட்டுபவருக்குக் கால் எங்கே விழவேண்டும் என்று முதலில் தெரியாது. ஒரு கோடு போடுவார், சரியில்லை என்று படும், பக்கத்திலேயே இன்னொரு கோடு போடுவார். முதல் கோட்டை அழிக்கக்கூட மாட்டார். வாள் பிடித்த கை இரண்டு இடத்தில் இருக்கும். விழுந்தவனின் தலை ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். இந்த மனமாற்றத் தடங்களைத்தான் நிபுணர்கள் முதலில் தேடுகிறார்கள். நகலெடுப்பவன் முன்னால் முடிந்த படம் இருக்கிறது. அவன் குதிரைக்குக் கால்கள் சரியாக நான்குதான். கோடு சுத்தமாக இருக்கும், ஆனால் ஒரே அழுத்தத்தில் ஓடும். எங்கே அவசரம், எங்கே நிதானம் என்ற வேறுபாடு அதில் தெரியாது.

போர்க்காட்சி இந்தச் சோதனைக்கு மற்ற எதையும்விட நன்றாக இடம் கொடுக்கிறது. ஒரு தாளில் ஏழெட்டுக் குதிரைகள், இருபது முப்பது கால்கள், ஒன்றை ஒன்று மறைக்கும் உடல்கள். வரைபவர் புரிந்து வரைந்தாரா, பார்த்து வரைந்தாரா என்பது அந்தச் சிக்கலில் பிடிபட்டுவிடும். நகலில் ஒரு குதிரையின் பின்னங்கால் யாருடையது என்றே புரியாமல் தொங்கும்.

இன்னொரு தடயமும் போர்க்காட்சியில்தான் பளிச்சென்று தெரியும். வீரர்கள் எல்லாரும் இடது கையில் வாள் பிடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஒன்று, அச்சுப் படத்தைப் பார்த்து வரைந்ததாக இருக்கலாம். செதுக்கிய தகட்டிலிருந்து அச்சாகும்போது படம் இடவலம் மாறிவிடும். அல்லது அது ஒற்றிப் படமாக இருக்கலாம். சிவப்புச் சாக்கில் வரைந்த தாளின்மேல் ஈரத் தாளை வைத்து அழுத்தினால், மங்கலான, இடவலம் மாறிய பிரதி ஒன்று கிடைக்கும். பிரெஞ்சுப் பட்டறைகளில் இது சாதாரண வழக்கம். ஒற்றிப் படமும் அந்த ஓவியரின் பட்டறையிலிருந்தே வந்ததுதான், பொய்ச் சரக்கு அல்ல. ஆனால் மூலத்தின் விலை அதற்கு வராது. நிழல் போடும் சாய்கோடுகளையும் பாருங்கள். வலக்கைக்காரர் போட்டால் அவை மேல் வலப்புறத்திலிருந்து கீழ் இடப்புறமாகச் சரியும். எதிர்த்திசையில் சரிந்தால் வரைந்தவர் லியொனார்டோபோல் இடக்கைக்காரராக இருக்கவேண்டும், இல்லையென்றால் படம் புரண்டிருக்கவேண்டும். லியொனார்டோவாக இருக்கும் என்று உடனே ஆசைப்பட வேண்டாம். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

17ஆம் நூற்றாண்டில் போர்க்காட்சி ஒரு தனித் தொழிலாகவே ஆனது. நேப்பிள்ஸ் ஓவியர் அனியெல்லோ ஃபல்கோனேவைப் 'போர்களின் அசரீரி' என்றே அழைத்தார்கள். ழாக் கூர்த்வா இளவயதில் படையில் இருந்தவர், பின்னாளில் சேசு சபையில் சேர்ந்தார். இத்தாலியர்கள் அவரை போர்கொன்யோனே என்பார்கள். அடையாளம் தெரியாத குதிரைச்சண்டைத் தாள் எது கிடைத்தாலும் அவர் பெயரை ஒட்டுவது நெடுங்காலம் வாடிக்கையாக இருந்தது. பிரசல்ஸில் பிறந்த வான் டெர் மியூலன் பதினான்காம் லூயி மன்னரின் படையெடுப்புகளுக்குக் கூடவே போய் ஊர்களையும் கோட்டைகளையும் நேரில் வரைந்தார். பாரிஸில் சார்ல் பரோசெல் குதிரைப்படையில் பணியாற்றிய அனுபவத்தோடு சிப்பாய்களைச் சிவப்புச் சாக்கில் வரைந்தார். சேணத்தில் ஆள் எப்படி உட்காருவான் என்பது தெரிந்த கை அது.

பெயருக்கு முன்னால் வரும் சொல்

பட்டியலில் நீங்கள் கூர்ந்து படிக்கவேண்டியது முதல் வரி. ஓவியரின் பெயர் மட்டும் வெறுமனே இருந்தால், இது அவர் கையாலேயே வரைந்தது என்று நிறுவனம் தன் பெயரை அடகு வைத்துச் சொல்கிறது என்று பொருள். 'அவருடையதாகக் கருதப்படுவது' என்றால் முழு நிச்சயம் இல்லை. 'அவர் பட்டறை' என்றால் அவர் மேற்பார்வையில் வேறொருவர் கை. 'அவர் வட்டம்' என்றால் அவரோடு தொடர்புடைய, அதே காலத்து, பெயர் தெரியாத ஒருவர். 'பின்பற்றியவர்' என்றால் அவர் மாணவராக இருந்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை. 'அவர் பாணியில்' என்று வந்தால் காலமே பிந்தியதாக இருக்கலாம். 'அவரைப் பார்த்து வரைந்தது' என்றால் நேரடியாக நகல். ஒவ்வொரு படி இறங்கும்போதும் விலையும் பலமாகச் சரியும். பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறதே என்று மயங்கி, முன்னால் நிற்கும் சின்னச் சொல்லைக் கவனிக்காமல் கை தூக்குகிறவர்கள் உண்டு.

இந்த முதல் வரி ஆய்வாளர்களின் கருத்துதான், கல்வெட்டு அல்ல. இதற்கு வியன்னாவின் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தில் அருமையான உதாரணம் இருக்கிறது. சிவப்புச் சாக்கில் இரண்டு நிர்வாண ஆண்கள். வத்திக்கானில் இத்தாலிய ஓவியர் ரஃபேலின் குழுவினர் தீட்டிய ஒஸ்தியாப் போர் சுவரோவியத்தோடு தொடர்புடைய தாள். அதன்மேல் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தன் கையாலேயே குறிப்பு எழுதியிருக்கிறார்: 1515ஆம் ஆண்டு, போப்பாண்டவர் மிகவும் மதிக்கும் ரஃபேல் இந்த உருவங்களை வரைந்து, தன் கைவண்ணத்தைக் காட்டுவதற்காக நியூரெம்பெர்க்குக்குத் தமக்கு அனுப்பினார் என்று. இதைவிடப் பெரிய சாட்சி யார் தரமுடியும்? அப்படியும், இது ரஃபேலின் மாணவர் கையாக இருக்கலாம் என்று வாதிட்ட அறிஞர்கள் உண்டு. பட்டறையிலிருந்து போனதெல்லாம் குருவின் பெயரில்தான் போகும் என்பது அவர்கள் தரப்பு.

லூவர் அருங்காட்சியகத்தில் ஆங்கியாரிக் கொடிச்சண்டையின் புகழ்பெற்ற தாள் ஒன்று பிளாண்டர்ஸ் ஓவியர் ரூபன்ஸ் பெயரோடு இருக்கிறது. ரூபன்ஸ் பிறந்தது 1577இல், அதற்குள் சுவரிலிருந்த படம் கண்ணுக்கு மறைந்துவிட்டது. ஆக, அவர் மூலத்தைப் பார்த்திருக்க முடியாது. யாரோ ஒரு 16ஆம் நூற்றாண்டு இத்தாலியர் எடுத்த நகல் அவர் கைக்கு வந்து, அதன்மேல் அவர் தன் மையையும் வெள்ளையையும் தொட்டுத் திருத்தினார் என்பதே இன்றைய பரவலான கருத்து. லியொனார்டோவின் யோசனை, பெயர் தெரியாதவரின் கறுப்புச் சாக், ரூபன்ஸின் தூரிகை. இப்படி ஒரு தாள் ஏலத்துக்கு வந்தால் முதல் வரியில் என்ன எழுதுவது? 'ரூபன்ஸ் திருத்தியது' என்பதற்கும் பட்டியல்களில் தனி வாய்பாடு இருக்கிறது.

முதல் வரி மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் போர்க்களத்துக்கு வெளியே இரண்டு கதைகள். 1907இல் பாரிஸின் த்ருவோ ஏலக்கூடத்தில் 'மிக்கேலாஞ்சலோ மரபு' என்று விற்ற ஒரு மையோவியத்தை, 2019இல் ஒரு நிபுணர் மிக்கேலாஞ்சலோவே வரைந்தது என்று அடையாளம் கண்டார். 2022 மே மாதம் பாரிஸில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் அது 2.32 கோடி யூரோவுக்குப் போனது. மறுபக்கம், 1998இல் நியூயார்க் கிறிஸ்டீஸில் '19ஆம் நூற்றாண்டுத் தொடக்க ஜெர்மன் மரபு' என்று 21,850 டாலருக்குப் போன பெண் உருவம் ஒன்று. சாக்கும் மையும் கொண்டு தோல்தாளில் வரைந்தது. சிலர் பின்னர் அதை லியொனார்டோ என்றார்கள், வேறு சிலர் இல்லவே இல்லை என்றார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

யார் கையில் இருந்தது, எந்தத் தாளில் இருக்கிறது

தாளின் மூலையில் சின்ன முத்திரை ஒன்று தெரிந்தால் விலை கூடும். பழைய சேகரிப்பாளர்கள் தங்கள் தாள்களில் முத்திரை குத்துவார்கள். இங்கிலாந்து அரசவை ஓவியர் பீட்டர் லீலி 1680இல் இறந்தபின், கடனை அடைக்க அவர் சேகரித்த தாள்களை 1688இலும் 1694இலும் ஏலம் விட்டார்கள். அப்போது குத்திய அவருடைய முதலெழுத்து முத்திரையை இன்றும் கண்டதும் நிபுணர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். பிரான்ஸின் சேகரிப்பாளர் மரியெத் தன் தாள்களை நீல நிற அட்டையில் பொருத்தி வைத்திருந்தார், அந்த அட்டையே ஒரு சான்று. டச்சுக்காரர் ஃபிரிட்ஸ் லுக்ட் 1921இல் இந்த முத்திரைகளையெல்லாம் எண்ணிட்டுத் தொகுத்து வெளியிட்டார். பட்டியலில் முத்திரைக்குப் பக்கத்தில் எல் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் வந்தால் அது அவருடைய எண். இப்போது அந்தத் தொகுப்பை இணையத்தில் இலவசமாகவே தேடலாம்.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இன்னும் பேசும். பழைய தாள் கம்பிச் சல்லடையில் வார்த்தது, நெருக்கமான கோடுகள் தெரியும், தாள் செய்தவரின் அடையாளமான நீர்க்குறியும் இருக்கலாம். கோடுகளே தெரியாத சமதள நெசவுத்தாள் ஐரோப்பாவில் 1750களில்தான் வந்தது. ஆகவே 1600ஆம் ஆண்டுப் போர்க்காட்சி என்று நெசவுத்தாளை நீட்டினால் அங்கேயே பேச்சு முடிந்தது.

ஆனால் பழைய தாள் மட்டும் போதாது. ஆங்கிலேயர் எரிக் ஹெபோர்ன் பழைய தாள்களைத் தேடி வாங்கி, பழைய முறைப்படி மை காய்ச்சி, பெரிய அருங்காட்சியகங்களையே ஏமாற்றியவர். 1978இல் வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தின் நிபுணர் கொன்ராட் ஓபர்ஹூபர் அவரைக் கண்டுபிடித்ததும் தாளை வைத்தே. வெவ்வேறு ஓவியர்கள் வரைந்ததாகச் சொன்ன இரண்டு படங்கள் ஒரே வகைத் தாளில் இருந்தன. ஹெபோர்ன் மாதிரி ஆள் மனமாற்றத் தடங்களையும் போலியாகப் போட்டுவிடுவான். அதனால் ஐந்தாவது கால் ஒரு நல்ல அறிகுறி மட்டுமே. அதை வைத்து மட்டும் வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

சேதத்தைப் பொறுத்தவரை சாக் பாவம். நிறம் மங்காது, ஆனால் உராய்ந்தால் போய்விடும். குதிரைகளின் உடலில் நிழல் மழுங்கி, வெளிக்கோடு மட்டும் மிஞ்சிய தாள்கள் நிறைய. பிற்காலத்தில் யாரோ அதன்மேல் கோடுகளை அழுத்தி உயிர் கொடுக்க முயன்றிருந்தால் இன்னும் மோசம். வெள்ளை ஈயம் பூசிய இடங்கள் கறுத்துப்போய், ஒளி இருக்கவேண்டிய இடத்தில் கரி பூசியதுபோல் தெரிவதும் உண்டு.

விலை

மதிப்பீடு என்று இரண்டு எண்கள் போடுவார்கள். விற்பவரோடு பேசி முடிவு செய்த குறைந்தபட்ச விலை ஒன்று இரகசியமாக இருக்கும், வழக்கமாக அது மதிப்பீட்டின் கீழ் எண்ணைத் தாண்டாது. ஏலம் அதைத் தொடாவிட்டால் தாள் விற்காது. சுத்தியல் விழும் விலையோடு வாங்குபவர் கட்டணம் சேரும். பெரிய நிறுவனங்களில் இன்று, பெரிய தொகைகள் தவிர மற்றவற்றுக்கு, அது சுத்தியல் விலையில் கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. புதிதாக வருபவர்களை அதிரவைப்பது இதுதான்.

உச்சிக்கு உதாரணம் ரஃபேல். கறுப்புச் சாக்கில் அவர் வரைந்த ஒரு கலைத்தேவதையின் தலைக்கு 2009 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் 1.2 முதல் 1.6 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டது. சுத்தியல் 2.6 கோடியில் விழுந்தது, கட்டணம் சேர்த்து 2.92 கோடி ஆனது. 2012இல் லண்டன் சதபீஸில் இன்னொரு ரஃபேல் தலை, அதுவும் கறுப்புச் சாக், 2.97 கோடியைத் தொட்டது. இரண்டுமே பெரிய ஓவியங்களுக்கான தயாரிப்புகள், ஒன்று வத்திக்கான் சுவரோவியத்துக்கு, மற்றது அவருடைய கடைசிப் பெரிய படத்துக்கு. முடிந்த ஓவியத்தோடு தொடர்பு நிரூபணமானால் விலை எங்கேயோ போய்விடும். போர்க்காட்சிக்கும் அதே விதி. எந்த அரண்மனைச் சுவருக்கு, எந்தப் படையெடுப்புக்கு என்று சொல்ல முடிகிற தாளும், வெறும் 'குதிரைப்படை மோதல்' என்ற தாளும் ஒரே தட்டில் நிற்காது.

இன்னொன்று, வெளிப்படையாகவே சொல்கிறேன்: சுவரில் மாட்ட வாங்குகிறவர்களுக்குப் பிணங்களும் இரத்தமும் பிடிப்பதில்லை. அழகான பெண் தலைக்குக் கூடும் கூட்டம் குதிரைச் சண்டைக்குக் கூடாது. அதனால்தான் நல்ல கையின் போர்க்காட்சித் தாள் சில நேரம் மலிவாகக் கிடைக்கிறது. கண் உள்ளவர்களுக்கு இது நல்ல காலம்.

இந்த வியாபாரத்துக்குப் பருவங்கள் உண்டு. நியூயார்க்கில் ஜனவரி வாக்கில், பாரிஸில் கோட்டோவியச் சந்தை நடக்கும் மார்ச்சில், லண்டனில் ஜூலையிலும் டிசம்பரிலும் தாள்கள் குவியும். ஏலத்துக்கு முந்தைய நாட்களில் காட்சிக்கு வைப்பார்கள், உள்ளே போகக் கட்டணம் இல்லை, வாங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஊழியரிடம் கேட்டால் சட்டத்திலிருந்து எடுத்துப் பின்புறத்தையும் காட்டுவார்கள். போக முடியாதவர்கள் மின்னஞ்சலில் தாளின் சேதங்களைச் சொல்லும் நிலை அறிக்கையும், பின்புறத்தின் படமும், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படமும் கேட்கலாம். பக்கவாட்டு ஒளியில் கேளுங்கள் என்பதை அடிக்கோடிடுகிறேன். சாக் பதிந்த அழுத்தமும், பின்னால் யாரோ மேலே போட்ட கோடும், கூர்முனையால் முதலில் கீறி வைத்த தடமும் நேர் வெளிச்சத்தில் தெரியாது.